பறவைப் படத்துக்கு லென்ஸ் தாங்கி தேர்ந்தெடுப்பது எப்படி: எண்ணூர், பழவேற்காடு செல்வோருக்கான முழுமையான வழிகாட்டி

400 அல்லது 600 மி.மீ. வரை எட்டும் லென்ஸை முதன்முதலாக வாங்கியவர்கள் அடுத்து வாங்க நினைப்பது ட்ரைபாட். எண்ணூர்க் கழிமுகத்துக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் புதிதாக வருவோர் பலரிடம் நல்ல விலை கொடுத்து வாங்கிய ட்ரைபாட் இருக்கிறது. ஆனால் அது பாதி நேரம் பைக்குள் கிடக்கிறது. மீதி நேரம் சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. பொருளை முதலில் வாங்கிவிட்டு, அது எங்கே நிற்கும் என்பதைப் பின்னர் யோசிப்பதால் வரும் சிக்கல் இது.

வடசென்னையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு மதியத்துக்குள் வீடு திரும்பும் ஒருவர், தானே சுமந்து செல்லக்கூடிய தாங்கியை எந்த வரிசையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இங்கே எழுதியிருக்கிறேன். வெளிநாடுகளில் வேட்டைக்காரர்கள் துப்பாக்கிக்கு முட்டுக் கொடுக்கும் குறுக்குக் கழிகளும் மணல் பைகளும் செய்யும் வேலைதான் இந்தத் தாங்கியின் வேலையும். இங்கே 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம் என்பதால், அந்த உத்திகளை லென்ஸுக்கு மட்டும் எடுத்துக்கொள்வோம்.

தொடங்குவதற்கு முன் சமையலறைத் தராசு ஒன்று, அளவு நாடா ஒன்று, ஆலன் சாவிகள் சில, லென்ஸுடன் வந்த காலர் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸின் நடுப்பகுதியைச் சுற்றிப் பிடிக்கும் வளையமும் அதன் கீழுள்ள பாதமும் சேர்ந்ததே காலர். எடை குறைக்கவென்று அதைக் கழற்றி அலமாரியில் போட்டவர்கள் முதலில் தேடி எடுக்க வேண்டும். அது இல்லாமல் பின்வரும் பல படிகள் நடக்காது.

1. பறவை எங்கே இருக்கும், நீங்கள் எப்படி இருப்பீர்கள்

தாங்கியின் வகையை முடிவு செய்வது லென்ஸின் விலையோ எடையோ அல்ல. படம் எடுக்கும் நேரத்தில் உங்கள் உடல் இருக்கும் நிலை. ஆகவே ஒரு தாளில், அடுத்த சில மாதங்களில் நீங்கள் உண்மையாகவே போகப்போகும் இடங்களை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் நின்றா, உட்கார்ந்தா, படுத்தா, வண்டிக்குள்ளிருந்தா, படகிலிருந்தா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் நீர் வற்றும்போது வெளிப்படும் சேற்றுத் திட்டில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் மேயும். அவற்றை நின்றுகொண்டு எடுத்தால் படத்தில் பறவையின் முதுகும் சேறும்தான் வரும். தரையோடு தரையாக இறங்கினால்தான் பறவையின் கண் மட்டத்துக்கு லென்ஸ் வரும். மாதவரம், ரெட்டேரி போன்ற ஏரிகளில் பொதுமக்கள் நடமாட அனுமதியுள்ள கரைகளில் பறவை தொலைவில் நீரில் இருக்கும். அங்கே நின்று நெடுநேரம் காத்திருப்பதுதான் வேலை. பழவேற்காட்டில் பூநாரையும் கூழைக்கடாவும் பார்க்கப் பெரும்பாலோர் படகில் போகிறார்கள். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து வயல்களிலும் உப்பளங்களிலும் காரின் ஜன்னலிலிருந்தே எடுப்பது நல்லது; வண்டியைக் கண்டு பறக்காத பறவை, வண்டியிலிருந்து இறங்கும் மனிதரைக் கண்டதும் பறந்துவிடும்.

இந்தப் பட்டியலை எழுதிப் பார்த்தவர்களில் பலருக்கு, உயரமான ட்ரைபாட் தேவைப்படும் இடம் நான்கில் ஒன்றுதான் என்பது தெரியவரும். இந்தக் கரைக்குப் புதிதாக வருபவர் முதலில் லென்ஸை மேலே வைக்க அரிசியோ கொட்டையோ நிரப்பிய ஒரு பையும், சேற்றில் தள்ளிக்கொண்டு போக லென்ஸை மாட்டும் ஒரு தட்டையான சட்டியும் செய்துகொண்டு, ஒரு பருவம் கழித்து ட்ரைபாட் வாங்குவதே சரி என்பது என் முடிவு. வலசைப் பறவைகளின் பருவம் இங்கே அக்டோபர், நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும்.

2. எடையை நீங்களே நிறுத்துப் பாருங்கள்

பெட்டியில் அச்சிட்ட எடை, லென்ஸின் எடை மட்டுமே. கேமரா, பேட்டரி, ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பு), காலர், அதன் கீழ் மாட்டும் தட்டு எல்லாம் சேர்த்து நிறுத்தால்தான் தாங்கிக்கு வரும் சுமை தெரியும். 200-600 மி.மீ. சோனி லென்ஸும் 150-600 மி.மீ. டாம்ரான் லென்ஸும் ஏறத்தாழ 2 கிலோ. நிகான் 200-500 மி.மீ. லென்ஸ் காலருடன் 2.3 கிலோ. கேமராவையும் சேர்த்தால் 3 கிலோவை நெருங்கும். நிகான் பி1000 போன்ற ஒரே உடலாக வரும் சூம் கேமரா 1.4 கிலோதான்; அதற்குப் பை ஒன்றே பெரும்பாலும் போதும்.

இரண்டாவது கணக்கு, லென்ஸ் எவ்வளவு குறுகிய இடத்தைப் பார்க்கிறது என்பது. முழுச்சட்ட (ஃபுல் ஃப்ரேம்) சென்சாரின் அகலம் 36 மி.மீ. என்பதால், 600 மி.மீ. லென்ஸ் 50 மீட்டர் தொலைவில் 3 மீட்டர் அகலத்தை மட்டுமே காட்டும். கோணத்தில் சொன்னால் அது மூன்றரை டிகிரிக்கும் குறைவு. கை ஒரு டிகிரி நகர்ந்தால் காட்சியில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். அங்கே நிற்கும் 20 செ.மீ. உள்ளான் சட்டத்தின் அகலத்தில் பதினைந்தில் ஒரு பங்குதான். லென்ஸில் உள்ள நிலைப்படுத்தி சிறு அதிர்வைக் குறைக்கும். ஆனால் பறவையைச் சட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கும் வேலையையும், 3 கிலோவை இருபது நிமிடம் தூக்கிப் பிடிக்கும் வேலையையும் அது செய்யாது. தாங்கியிடமிருந்து நாம் கேட்பது அந்த இரண்டையும்தான்.

3. வகையைத் தேர்ந்தெடுத்தல்

இப்போது முதல் படியில் எழுதிய தாளை எடுத்து, ஒவ்வொரு நிலைக்கும் எதிரே ஒரு வகையை எழுதுங்கள்.

கார் ஜன்னல், பாலத்தின் கைப்பிடிச் சுவர், கரையின் கருங்கல் ஆகியவற்றுக்குப் பை. சேற்றிலும் மணலிலும் படுத்து எடுக்கச் சட்டி. நடந்துகொண்டே எடுப்பவருக்கு மோனோபாட். அதன் ஒற்றைக் காலுடன் உங்கள் இரு கால்களும் சேர்ந்து மூன்றாகி நிற்கும். கரையில் நின்று காத்திருப்பதற்கு ட்ரைபாட்.

மோனோபாட் வாங்கப் பணமில்லாதவர், தோளுயர மூங்கில் கழிகள் இரண்டை, மேல் நுனியிலிருந்து ஒரு சாண் கீழே சைக்கிள் ட்யூப் துண்டால் இறுகக் கட்டி, கத்தரிபோல விரித்து ஊன்றி, மேலே உண்டாகும் கவையில் லென்ஸை வைக்கலாம். பக்கவாட்டு ஆட்டத்தை இது ஒற்றைக் காலைவிட நன்றாகத் தடுக்கும். முன்னும் பின்னும் ஆடுவதை மட்டும் உங்கள் உடம்புதான் தடுக்க வேண்டும். கட்டு இறுகலாக இல்லாவிட்டால் கவை மெல்ல விரிந்து லென்ஸ் இறங்கிக்கொண்டே போகும்.

ஒரே தாங்கியை எல்லா இடத்துக்கும் வைத்துக்கொள்ள முயல்வது புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு. உயரமான ட்ரைபாட்டின் கால்களை அகல விரித்துத் தரைமட்டமாக்கலாம் என்று கடைக்காரர் காட்டுவார். கடையின் ஓடு பதித்த தரையில் அது நன்றாகவே நிற்கும். சேற்றில் அப்படி விரித்து வைத்துத் தள்ளிக்கொண்டு நகர முடியாது.

4. பை: தைப்பதும் நிரப்புவதும்

கடையில் விற்கும் பீன் பேக்கை வாங்குவதில் தவறில்லை. ஆனால் கெட்டியான கேன்வாஸ் துணியோ பழைய ஜீன்ஸின் கால் பகுதியோ இருந்தால், பள்ளிப் பை தைப்பவர் எவரும் இதைத் தைத்துத் தருவார். வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் அப்படிப்பட்டவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. அவரிடம் நான்கு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

தையல் இரட்டைத் தையலாக இருக்க வேண்டும். 3 கிலோ சுமை தினமும் அழுந்துவது தையலின் மேல்தான். ஜிப் பக்கவாட்டில் வர வேண்டும். மேலே வைத்தால் லென்ஸில் கீறும். ஜிப்புக்குள் தனியாக ஓர் உள்பை வேண்டும். ஜிப் திறந்துகொண்டாலும் உள்ளே நிரப்பியது கொட்டாது. கார் ஜன்னலுக்கென்றால் ஒரே பையாகத் தைக்காமல், நடுவில் இணைந்த இரண்டு பைகளாக, சேணம் குதிரையின் இருபுறமும் தொங்குவதுபோல வர வேண்டும். இல்லாவிட்டால் பறவையைத் தொடர்ந்து லென்ஸைத் திருப்பும்போது பை உருண்டு கீழே விழும்.

எதை நிரப்புவது என்பதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். தெர்மோகோல் மணி எடை குறைவு. ஆனால் சுமை வைத்ததும் துள்ளும், பக்கவாட்டில் வழுக்கும். மணல் நன்றாகப் படிந்து உட்காரும். ஆனால் அரிசியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு கனக்கும், தையலின் வழியே பொடியாகக் கசிந்து லென்ஸின் வளையங்களுக்குள் போகும். 3 லிட்டர் கொள்ளும் பையில் அரிசி என்றால் இரண்டரை கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். மணல் என்றால் 5 கிலோவை நெருங்கும். அரிசி, பருப்பு, காய்ந்த மொச்சை ஆகிய மூன்றுமே நல்லவை. இவற்றில் வண்டு விழும், ஈரம் பட்டால் புளிக்கும் என்பதுதான் குறை. புளியங்கொட்டைக்கு அந்தத் தொல்லை குறைவு. கொட்டை பெரிதாக இருப்பதால் சற்றே சலசலக்கும் என்றாலும், பல மாதம் அப்படியே கிடந்தாலும் கெடாது. நான் பரிந்துரைப்பது அதையே.

ரயிலில் போகிறவர் பையைக் காலியாகவே மடித்து எடுத்துச்சென்று, மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ இறங்கி மளிகைக் கடையில் அரிசி வாங்கி நிரப்பிக்கொண்டு, திரும்பும்போது அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். உள்பை சுத்தமாக இருந்தால் அந்த அரிசி சோற்றுக்கும் ஆகும்.

பையை முழுக்க நிரப்பக் கூடாது. முக்கால் அளவு நிரப்பி, நடுவில் முழங்கையால் அழுத்திப் பள்ளம் செய்து, அதில் லென்ஸ் இறங்கி உட்கார வேண்டும். விறைப்பாக நிரப்பிய பையின் மேல் லென்ஸ் ஒரு கோட்டில் மட்டுமே படும். அப்போது அது உருளும். வைக்கும் இடமும் முக்கியம். லென்ஸையும் கேமராவையும் சேர்த்து ஒரு விரலின் மேல் நிறுத்திப் பார்த்தால் எந்த இடத்தில் சமமாக நிற்கிறதோ, அந்த இடம்தான் பையின் நடுவில் வர வேண்டும். காலரைத் தளர்த்திப் பாதத்தை மேற்புறமாகத் திருப்பிவிடுங்கள். அது கைப்பிடியாகவும் உதவும். சூம் வளையம் பையில் அழுந்தினால் திருப்ப முடியாது, ஆகவே பையைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்துங்கள்.

காரில் எஞ்சினை அணைக்காமல் எடுத்தால் பை இருந்தும் பயனில்லை. ஏசிக்காக எஞ்சினை ஓடவிடுவோர் படங்களில் கோடு கோடாக விழும் இரட்டிப்புக்குக் காரணம் அதுதான்.

5. சட்டித் தாங்கி

சேற்றிலும் மணலிலும் படுத்து எடுப்பவருக்கு இதைவிடச் சிறந்த பொருள் இல்லை. கடையிலும் இது எளிதில் கிடைக்காது, ஆகவே செய்துகொள்ள வேண்டியதுதான். தட்டையான அடியும் சரிந்த விளிம்பும் உள்ள 25 முதல் 30 செ.மீ. அகல அலுமினியச் சட்டி ஒன்று வேண்டும். வீட்டில் மேல்பூச்சு உரிந்து ஒதுக்கிவைத்த நான்-ஸ்டிக் சட்டி கச்சிதமாகப் பொருந்தும். அடி தட்டையாக இருந்தால் எடை பரவிச் சட்டி சேற்றில் அமிழாது. விளிம்பு சரிந்திருந்தால் தள்ளும்போது மண்ணை அள்ளாமல் மேலேறி வழுக்கிப் போகும்.

அடியின் நடுவில் துளையிட்டு, கீழிருந்து மேலாக ஒரு போல்ட்டைச் செருகி, வாஷரும் நட்டும் இட்டு இறுக்கி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மரையில் ட்ரைபாட் தலையை, அதாவது லென்ஸை மாட்டித் திருப்பும் தனி உறுப்பை, திருக வேண்டும். தலைகளின் அடியில் இருப்பது 3/8 அங்குல மரை. இரும்புச் சாமான் கடையில் ‘மூணு நூல் போல்ட்’ என்று கேட்டால் கிடைக்கும். அதில் அங்குலத்துக்கு 16 மரை இருக்கும், தலைக்கும் அதே கணக்குதான். கடைக்காரர் அதற்குப் பதிலாக 10 மி.மீ. போல்ட்டை நீட்டினால் வாங்காதீர்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சற்றே தடிப்பானது, மரையின் இடைவெளியும் வேறு. பலமாகத் திருகினால் தலையின் மரை தேய்ந்துவிடும். பாரிமுனைப் பக்கத்துக் கடைகளுக்குப் போகும்போது தலையையே எடுத்துச்சென்று, விரலாலேயே முழுவதும் திருகிப் பார்த்து வாங்குவது உத்தமம்.

நட்டுக்கு மேலே மரை 1 செ.மீ. அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தால் போதும். அதைவிட நீண்டால் போல்ட்டின் நுனி தலையின் உள்ளே முட்டி நின்றுவிடும். தலை நட்டின் மேல் இறுக உட்காராமல் ஆடும். போல்ட்டின் தலை சட்டியின் அடியில் புடைத்து நிற்காதிருக்கத் தட்டைத் தலை போல்ட் வாங்குங்கள். துளையைச் சுற்றி எம்-சீல் பூசிவிட்டால் நீர் கசியாது. சட்டியின் கைப்பிடியைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு முழம் கயிறு கட்டுங்கள். சேற்றில் ஊர்ந்து நகரும்போது பின்னுக்கு இழுக்க அது வேண்டும்.

கோடைக்காலத்தில் ஓர் எச்சரிக்கை. உப்புக்கொத்திகளும் ஆலாக்களும் வெறும் மணலில் முட்டையிடும். முட்டையின் நிறம் மணலோடு கலந்துவிடுவதால் அருகில் போனாலும் தெரியாது. தாய்ப்பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் நீங்கள் அதன் கூட்டுக்கு அருகில் இருக்கிறீர்கள் என்று பொருள். சட்டியைத் தள்ளாமல், வந்த தடத்திலேயே திரும்பிவிட வேண்டும்.

6. ட்ரைபாட்: உயரம், குழாய், பூட்டு

உயரத்தைக் கணக்கிட்டு வாங்க வேண்டும். உங்கள் கண்ணின் உயரம் உச்சந்தலையிலிருந்து ஏறத்தாழ 12 செ.மீ. கீழே. 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது 158. இதிலிருந்து ட்ரைபாட் தலையின் உயரமாக 20 செ.மீ., தட்டிலிருந்து கேமராவின் கண்துளை வரை 10 செ.மீ. கழித்தால் 128 மிஞ்சும். நடுத்தண்டை உயர்த்தாமல் கால்கள் மட்டுமே அந்த உயரத்தை எட்ட வேண்டும். ஏரிக்கரைச் சரிவில் ஒரு கால் கீழே இறங்கி நிற்கும் என்பதால் 15 செ.மீ. கூடுதலாக இருப்பது நல்லது.

நடுத்தண்டை உயர்த்தினால் மூன்று கால் தாங்கி ஒற்றைக்கால் தாங்கியாகிவிடும்; கடற்காற்றில் அது நடுங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நடுத்தண்டே இல்லாத ட்ரைபாட் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

‘10 கிலோ தாங்கும்’ என்ற அச்சு, உடையாமல் நிற்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. அதிராமல் நிற்குமா என்பதைச் சொல்வதில்லை. நீங்கள் நிறுத்துப் பார்த்த எடையைப்போல் மூன்று மடங்காவது அச்சிட்டிருக்க வேண்டும். 600 மி.மீ. லென்ஸுக்கு மேல்குழாயின் விட்டம் 28 முதல் 32 மி.மீ. வரை இருப்பது நல்லது. மூன்று அடுக்குக் கால் நான்கு அடுக்கைவிட உறுதி. ஆனால் மடித்தால் நீளம் அதிகம். கும்மிடிப்பூண்டி ரயிலில் காலை நெரிசலில் போகிறவருக்கும், இருசக்கர வண்டியில் போகிறவருக்கும் நான்கு அடுக்கே வசதி.

பூட்டு, திருகும் வகையா மடக்கும் வகையா என்பது பழக்கத்தைப் பொறுத்தது. இந்தக் கரையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கருவி எதுவும் இல்லாமல், அல்லது ஓர் ஆலன் சாவியால் மட்டும், காலை முழுவதும் கழற்றிக் கழுவ முடியுமா? எண்ணூர்ச் சேற்றில் உப்போடு அனல்மின் நிலையச் சாம்பலும் கலந்திருக்கிறது. அந்த மாவு போன்ற துகள் பூட்டுக்குள் போனால், கழற்ற முடியாத கால் விரைவில் கரகரத்து நின்றுவிடும்.

கார்பன் கால் எடை குறைவு, வெயிலில் கை சுடாது. அலுமினியம் விலை குறைவு, உப்பில் அரிக்கும். கழுவும் பழக்கம் இருந்தால் அலுமினியமே போதும்.

7. தலை

ட்ரைபாட்டுக்குப் பணம் ஒதுக்கும்போது தலையை மறந்துவிடுவோர் அதிகம். உருண்டை மூட்டில் எல்லாப் பக்கமும் சாயும் பால் ஹெட் சிறியது, சட்டித் தாங்கிக்குப் பொருத்தமானது; ஆனால் தளர்த்திய நொடியில் கனமான லென்ஸ் ஒரு பக்கமாகக் கவிழும், விரல் நசுங்கும். பறக்கும் பறவையைத் தொடர்வதற்குக் கிம்பல், அதாவது லென்ஸைச் சமநிலையில் ஊஞ்சல்போல் தாங்கும் தலை, வேண்டும். மோனோபாட்டுக்கு மேலும் கீழும் மட்டும் சாயும் தலை போதும். பக்கவாட்டில் திரும்புவதற்கு மோனோபாட்டையே திருப்பலாம்.

காலரின் பாதத்தில் மாட்டும் தட்டு 38 மி.மீ. அகலமுள்ள, ஓரங்கள் சரிந்து தலையின் பிடிக்குள் நுழையும் ஆர்கா வகையாக இருக்கட்டும். தட்டுகளின் அகலம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சற்றே மாறும். திருகு வைத்த பிடி அந்த வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும். நெம்புகோல் வைத்த பிடி சில தட்டுகளைத் தளர்வாகப் பிடிக்கும். தட்டின் இரு முனைகளிலும் தடுப்புத் திருகுகள் இருந்தால், பிடி தளர்ந்தாலும் லென்ஸ் வழுக்கி விழாது.

8. பொருத்தும் வரிசை

வரிசை மாறினால் லென்ஸ் தரையில் விழும் வாய்ப்பு உண்டு, ஆகவே இதை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். முதலில் கால்களை விரித்து, ஒவ்வொரு பூட்டையும் கையால் அழுத்திப் பாருங்கள். பிறகு தலையைத் திருகி, அதன் எல்லாப் பூட்டுகளையும் இறுக்குங்கள். அதன் பிறகே லென்ஸைக் காலரின் பாதத்தால் மாட்ட வேண்டும். கேமராவின் அடியிலுள்ள மரையில் மாட்டினால் 2 கிலோ லென்ஸ் முழுவதும் மவுண்ட் வளையத்திலிருந்து தொங்கும். பிடியை இறுக்கிய பின், கையை எடுக்காமலேயே லென்ஸை மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள்; அசையாவிட்டால் மட்டும் கையை எடுக்கலாம்.

கிம்பலில் சமநிலைக்கு இரண்டு திருத்தங்கள் உண்டு. சாய்வுப் பூட்டைத் தளர்த்தி, லென்ஸின் முன்பக்கம் தாழ்ந்தால் தட்டைப் பின்னுக்கும், கேமராப் பக்கம் தாழ்ந்தால் முன்னுக்கும் நகர்த்துங்கள். பிறகு லென்ஸைக் கொஞ்சம் சாய்த்துக் கையை விடுங்கள். மேலும் சாய்ந்துகொண்டே போனால் லென்ஸ் சுழலும் அச்சைவிட உயரத்தில் இருக்கிறது. தானே நேரானால் தாழ்வாக இருக்கிறது. விட்ட இடத்திலேயே நின்றால் சரி. ஹூட் மாட்டியபடி, நீங்கள் அதிகம் பயன்படுத்தும் சூம் நிலையில் இதைச் செய்ய வேண்டும். சூம் செய்யும்போது நீளும் லென்ஸில் சமநிலை மாறும். உள்ளுக்குள்ளேயே சூம் ஆகும் லென்ஸில் அநேகமாக மாறாது.

9. மொட்டை மாடிச் சோதனை

புதிய தாங்கியைக் கொண்டு நேராகப் பழவேற்காட்டுக்குப் போகாதீர்கள். காற்றுத் தணிந்த அதிகாலையில் மொட்டை மாடியிலிருந்து, 40 அல்லது 50 மீட்டர் தொலைவில் எழுத்துள்ள ஒரு பலகையைக் குறிவைத்து, 1/60, 1/125, 1/250 நொடி என்று ஒவ்வொரு வேகத்திலும் பத்துப் படங்கள் எடுங்கள். நிலைப்படுத்தியை இயக்கி ஒரு முறை, அணைத்து ஒரு முறை என இரண்டு வரிசையாக எடுத்துக் கணினியில் முழு அளவில் பாருங்கள். ட்ரைபாட்டில் நிலைப்படுத்தியை அணைக்கச் சொல்லும் லென்ஸும் உண்டு, தானே கண்டுகொள்ளும் லென்ஸும் உண்டு. உங்கள் லென்ஸ் எந்த வகை என்பதை இந்த அறுபது படங்களே காட்டிவிடும்.

அடுத்து, திரையில் காட்சியைப் பெரிதாக்கி வைத்து, ஹூட்டின் நுனியை ஒரு விரலால் தட்டுங்கள். ஆட்டம் ஓரிரு நொடியில் அடங்கினால் தாங்கி நன்று. அதைவிட நீடித்தால், காலரில் தொடங்கிக் கால் நுனி வரை ஒவ்வொரு இணைப்பையும் பிடித்து அசைத்துப் பாருங்கள். அநேகமாகக் காலரின் பாதத்திலோ தலையின் அடியிலோ தளர்வு இருக்கும்.

மங்கிய படங்கள் எல்லாவற்றுக்கும் தாங்கியைக் குறை சொல்லக் கூடாது. எழுத்து ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது அதிர்வு. எழுத்து மங்கி, அதற்கு முன்னோ பின்னோ வேறொன்று கூர்மையாக இருந்தால் அது ஃபோகஸ் பிழை. விளிம்புகள் அலையலையாக, படத்துக்குப் படம் வேறுவிதமாக நெளிந்திருந்தால் அது கானல். எண்ணூர்ச் சேற்றுத் திட்டின் மேலும் உப்பளத்தின் மேலும் வெயில் ஏறியதும் கானல் எழும்பும். அதை எந்தத் தாங்கியும் சரிசெய்யாது. அருகில் வரும் பறவைக்குக் காத்திருப்பது, அல்லது பொழுது விடியும்போதே அங்கு இருப்பது என்ற இரண்டு வழிகளே உண்டு.

10. களத்தில்

வண்டியில் போகும்போது லென்ஸை ட்ரைபாட்டில் மாட்டியபடி கொண்டுபோகக் கூடாது. கன்டெய்னர் லாரிகள் ஓடித் தேய்ந்த மணலி, எண்ணூர்ச் சாலைகளின் குலுக்கலில் திருகுகள் தானே கழலும். இறங்கியதும் ஆலன் சாவியால் ஒரு சுற்று இறுக்கிவிட்டுத்தான் லென்ஸை மாட்ட வேண்டும். துறைமுகங்கள், அனல்மின் நிலையம் ஆகியவற்றின் வாயிலருகிலும் மதிலோரத்திலும் ட்ரைபாட்டை விரிக்காதீர்கள். நீங்கள் பார்ப்பது மீன்கொத்தியையே ஆனாலும் காவலர் வந்து கேட்பார், கேட்பது அவர் கடமை.

நீரில் ஊன்றும்போது மேல் அடுக்குகளை மூடியே வைத்து, கடைசியிலுள்ள மெல்லிய அடுக்கை முதலில் நீட்டுங்கள். நிலத்தில் சொல்லும் பாடத்துக்கு இது நேர்மாறு. ஆனால் அப்போதுதான் பூட்டுகள் நீருக்கும் சேற்றுக்கும் மேலே இருக்கும். சேற்றில் கால்களை முழுவதும் விரிக்காமல் சற்றுக் குறுக்கி ஊன்றி அழுத்தினால், இறங்கும்போது அவை தாமே விரிந்து நிலைகொள்ளும். முழுவதும் விரித்துவிட்டு அழுத்தினால் மேலேயுள்ள கீல் முறுக்கப்படும். மிகவும் இளகிய சேறென்றால், பழைய டென்னிஸ் பந்துகளில் துளையிட்டுக் கால் நுனிகளில் மாட்டுங்கள். கழிமுகத்தில் நீர் ஏறும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். படுத்திருப்பவருக்கு நீர் ஏறுவது கடைசியில்தான் தெரியும்.

கடற்காற்று எழுந்ததும் கேமராவின் வாரைக் கழற்றிவிடுங்கள். அது படபடத்து அதிர்வை உண்டாக்கும். ட்ரைபாட்டின் கொக்கியில் பையைத் தொங்கவிடுவதானால் அதன் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும் பை ஊசலாடி, இல்லாத ஆட்டத்தையும் கொண்டுவரும்.

படகில் ட்ரைபாட் வேண்டாம். மோட்டாரின் அதிர்வு பலகை வழியாகக் கால்களில் ஏறி லென்ஸுக்கு வந்துவிடும். பலகையில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்து அதன் மேல் லென்ஸை வைத்தால், உங்கள் தொடையும் பையும் அதிர்வை வாங்கிக்கொள்ளும். மோனோபாட் இருந்தால் அதன் நுனியைப் பலகையில் ஊன்றாமல் உங்கள் காலணியின் மேல் ஊன்றுங்கள். பூநாரைக் கூட்டம் கண்ணில் பட்டதும், “அண்ணே, மோட்டாரை அணைச்சிட்டுக் கழி போடுங்க” என்று படகோட்டியிடம் முன்னதாகவே சொல்லிவையுங்கள். கழி ஊன்றித் தள்ளும் படகில் அதிர்வும் இல்லை, பறவையும் அவ்வளவு கலையாது.

எந்தத் தாங்கியிலும் இடது கையைச் சும்மா விடக் கூடாது. காலருக்கு மேலே, லென்ஸின் முதுகில் உள்ளங்கையை வைத்து மெல்லக் கீழ்நோக்கி அழுத்தி, புருவத்தைக் கண்துளையில் பதித்து, ஷட்டர் பொத்தானைக் குத்தாமல் விரலை உருட்டி அழுத்துங்கள். கிம்பலில் மட்டும் அழுத்தம் வேண்டாம், கையை வைத்திருந்தால் போதும்.

11. வீடு திரும்பியதும்

அன்றைக்கே கழுவ வேண்டும். மறுநாளுக்குத் தள்ளினால் உப்பு காய்ந்து மரையில் படிந்துவிடும். முதலில் தலையைக் கழற்றி வையுங்கள், அதன் மேல் தண்ணீர் படக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தால் போதும். கால்களைப் பூட்டு திறக்காமல் வெளியே கழுவி, சேறு போன பிறகு பூட்டுகளைக் கழற்றி, வாளியில் நல்ல தண்ணீரில் அலசுங்கள். திறந்துவிட்டுக் கழுவினால் வெளியிலுள்ள சாம்பலும் மணலும் உள்ளே போகும். வடசென்னையில் பல வீடுகளில் போர்த் தண்ணீரே உப்பாக இருப்பதால், கடைசி அலசலுக்குக் குடிநீரிலிருந்து ஒரு சொம்பு எடுத்துக்கொள்ளலாம். கால்களை நீட்டியபடி நிழலில் சாய்த்து உலர்த்துங்கள். மடித்து வைத்தால் உள்ளே ஈரம் தங்கும். மரைகளில் எண்ணெய் விடாதீர்கள், அது மணலைப் பிடித்துவைக்கும். தேவைப்பட்டால் கிரீஸை மெல்லிதாகத் தடவலாம்.

பையின் உள்பையை வெளியே எடுத்து, புளியங்கொட்டையை ஒரு முறத்தில் பரப்பிக் காற்றாட விடுங்கள். சட்டியின் போல்ட்டில் துரு தெரிந்தால் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். போல்ட்டின் விலை சொற்பம். தலையின் மரையைக் கெடுப்பதற்குமுன் அதை மாற்றிவிடுங்கள்.